'ஷீ' என்றால் பாம்பு: சீன மாணவர்களின் ஆங்கில எழுத்துப் பிழைகள்

சீனப் பள்ளிக்கூடங்களில் வெகுகாலமாக உலவும் வேடிக்கைக் கதை ஒன்று உண்டு. ஐந்து மாணவர்களுக்கு ஒரே நாளில் 'இங்கிலிஷ்' என்ற சொல்லைக் கற்றுக்கொடுத்தார்கள். மறந்துவிடாமல் இருக்க ஒவ்வொருவனும் அதன் ஓசையைத் தனக்குத் தெரிந்த சீன எழுத்துகளில் நோட்டின் ஓரத்தில் குறித்துக்கொண்டான். முதலாமவன் எழுதியது 'யிங் கெய் லி ஷி'. வட்டி கொடுத்தாக வேண்டும் என்று பொருள். அவன் வளர்ந்து வங்கி வேலைக்குப் போனான். இரண்டாமவன் எழுதியது 'யின் கோ லி ஷி', சாக்கடையில் கழுவு. அவன் காய்கறி விற்கப் போனான். மூன்றாமவன் 'யின் குவோ லியன் ஷி', காரண காரியத் தொடர்பு. அவன் தத்துவப் பேராசிரியர் ஆனான். நான்காமவன் 'யிங் காய் லி ஷி', வரலாற்றை வலிந்து மாற்று. அவன் அரசியலுக்குப் போனான். ஐந்தாமவன் 'யிங் குவோ லி ச்சு', இங்கிலாந்துக்குப் போ. அவன் விமானம் ஏறிவிட்டான். சொல்பவரைப் பொறுத்து ஆளும் தொழிலும் கொஞ்சம் மாறும், கதை மாறாது.

சிரித்து முடித்துவிட்டுப் பார்த்தால், சீன மாணவரின் ஆங்கில எழுத்துப் பிழை எங்கே பிறக்கிறது என்பது இதற்குள்ளேயே இருக்கிறது. சீன எழுத்து ஒவ்வொன்றும் ஓர் அசை. அநேகமாக ஒவ்வொன்றுக்கும் சொந்தமாக ஒரு பொருளும் உண்டு. அசையைவிடச் சிறிய ஒலியை எழுத அங்கே வழியில்லை. 'ஷ்' என்று மட்டும் எழுத முடியாது, 'ஷி' என்றுதான் எழுத வேண்டும். எழுதிய உடனே அது மேற்கு, கழுவு, மூச்சு என்று ஏதோ ஒன்றாகிவிடும். நமக்கு ஒரு புள்ளி போதும். உயிர் போய் மெய் நிற்கும். சீன எழுத்தில் அந்தப் புள்ளி கிடையாது. அதனால்தான் ஸ்மித் என்ற பெயர் சீனத்தில் 'ஷி மி ஸ' என்று மூன்று எழுத்தாக விரிகிறது. ட்ரம்ப் 'த லாங் பு' ஆகிறார்.

ஆங்கிலம் கற்கும் பிள்ளைகள் எல்லோரும் காதில் விழுந்ததை அப்படியே எழுதித்தான் பிழை செய்கிறார்கள் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். நம் வகுப்பறையில் அது பெருமளவு உண்மை. 'ஃபோன்' என்ற சொல்லை எஃப் போட்டுத் தொடங்கும் தமிழ்ப் பிள்ளை, காதுக்கு நேர்மையாக நடந்துகொள்கிறது. குற்றம் ஆங்கிலத்தின் பக்கம். சீனப் பிள்ளையின் நோட்டில் வேறுவகைப் பிழை அதிகம். 'ஃப்ரம்' எழுத வேண்டிய இடத்தில் 'ஃபார்ம்' இருக்கும். அதே நான்கு எழுத்துகள்தாம். நடுவில் இரண்டு இடம் மாறியிருக்கும். 'குவையட்' என்ற அமைதி 'குவைட்' ஆகியிருக்கும். 'ஏஞ்சல்' என்ற தேவதை 'ஆங்கிள்' என்ற கோணமாகியிருக்கும். நாட்குறிப்பு பால்பண்ணை ஆகியிருக்கும், அதாவது 'டைரி' போய் 'டெய்ரி'. வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால் இவற்றில் எந்த இரண்டும் ஒன்றுபோல ஒலிப்பதில்லை. தூரத்திலிருந்து பார்த்தால் மட்டும் ஒன்றுபோல இருக்கின்றன.

இது காதின் பிழையே அல்ல, கண்ணின் பிழை. சீனக் கண் இந்த வேலைக்கு ஆறு வயதிலிருந்தே பழக்கப்பட்டது.

சீன அரசு 2013இல் வெளியிட்ட பொதுப் பயன்பாட்டு எழுத்துப் பட்டியலில் 8,105 எழுத்துகள் உள்ளன. அன்றாட வாசிப்புக்கு வேண்டிய முதல்நிலை எழுத்துகள் மட்டும் 3,500. இத்தனையையும் பிரித்தறிய வேண்டுமானால் கோடு எங்கே நிற்கிறது என்பதில் கவனம் வேண்டும். தான், ஏற்கெனவே, பாம்பு ராசி ஆகிய மூன்றுக்கும் மூன்று எழுத்துகள் இருக்கின்றன. மூன்றும் ஒரே உருவம். இடப்பக்க வாய் திறந்திருந்தால் 'தான்', பாதி மூடியிருந்தால் 'ஏற்கெனவே', முழுக்க மூடியிருந்தால் பாம்பு. இன்னொரு இணையில் இரண்டு படுக்கைக் கோடுகள். மேல்கோடு நீளமாக இருந்தால் 'கடைசி', கீழ்க்கோடு நீளமாக இருந்தால் 'இன்னும் இல்லை'. சீன ஆசிரியர் எழுத்துப் பிழையையே இரண்டாகப் பிரித்துப் பெயர் வைத்திருக்கிறார். கோடு விட்டுப்போய் அகராதியிலேயே இல்லாத உருவம் வந்தால் அது 'தவறிய எழுத்து'. சரியாக எழுதிய வேறோர் எழுத்து வந்து உட்கார்ந்துகொண்டால் அது 'மாறிய எழுத்து'.

இந்தப் பாகுபாட்டை அப்படியே ஆங்கில நோட்டின் மீது வைத்துப் பாருங்கள். 'கவர்ன்மெண்ட்' நடுவில் என் எழுத்தை விழுங்குவது, 'என்விரான்மெண்ட்' சொல்லில் இரண்டாவது என் காணாமல் போவது, 'ரைட்டிங்' சொல்லில் ஒரு டி கூடிவிடுவது எல்லாம் தவறிய எழுத்து வகை. ஒரு கோடு கூடியது அல்லது குறைந்தது. ஃப்ரமும் ஃபார்மும் மாறிய எழுத்து வகை. சீனாவில் விற்கும் ஆங்கிலச் சொற்கோவைகளில் 'உருவம் நெருங்கிய சொற்கள்' என்று தனிப் பகுதியே இருப்பதுண்டு. 'அடாப்ட்', 'அடாப்ட்' என்று தமிழில் எழுதினால் வித்தியாசமே தெரியாத இரண்டு சொற்களை, ஒன்றில் நடுவே ஏ, மற்றதில் ஓ என்று அவை பக்கம் பக்கமாக வைத்துக் காட்டும். 'காண்டாக்ட்' பக்கத்தில் 'காண்ட்ராக்ட்'. சீன எழுத்துகளுக்குச் செய்யும் அதே பயிற்சி, அதே பெயர், பாடம்தான் வேறு. என் எழுத்தை விழுங்கும் பிழையும் டியைக் கூட்டும் பிழையும் சீனர்களுக்கு மட்டும் உரியவை அல்ல, ஆங்கிலேயரே செய்பவை. ஆனால் அவர்கள் அங்கே வந்துசேரும் வழி வேறு.

இதை ஊகமாக மட்டும் சொல்லவில்லை. 1986இல் சார்ல்ஸ் ரீட் என்பவரும் மூன்று சீன ஆய்வாளர்களும் பெய்ஜிங்கில் ஒரு சோதனை நடத்தினார்கள். சோதனைக்கு வந்தவர்கள் எல்லோரும் படித்த பெரியவர்கள். ஒரு சாரார் சீன எழுத்துகளை மட்டும் கற்றவர்கள். மற்றவர்கள் அத்துடன் பின்யின் என்னும் ரோமன் எழுத்து முறையையும் பள்ளியில் படித்தவர்கள். வேலை மிக எளியது. ஓர் அசையைச் சொல்வார்கள்; அதன் முதல் மெய்யொலியை எடுத்துவிட்டு மீதியைச் சொல்ல வேண்டும், அல்லது ஒரு மெய்யொலியை முன்னால் சேர்த்துச் சொல்ல வேண்டும். 'கல்' என்பதில் ககரத்தின் மெய்யை நீக்கினால் 'அல்' என்று நம் வீட்டு ஏழு வயதுப் பிள்ளை சொல்லிவிடும். பின்யின் கற்றவர்கள் சொன்னார்கள். நாளிதழ் படிக்கிற, கடிதம் எழுதுகிற மற்றவர்களில் பெரும்பாலோரால் முடியவில்லை. பேச்சு ஒலிகளாக உடையும் என்பது பிறவியறிவு அன்று, எழுத்து கற்றுத்தரும் வித்தை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

பத்தாண்டு கழித்து, 1996இல், அலிசன் ஹோம், பார்பரா டாட் இருவரும் ஆஸ்திரேலியாவில் பல்கலைக்கழக மாணவர்களை நான்கு குழுவாக உட்காரவைத்தார்கள்: சீன மக்கள் குடியரசிலிருந்து வந்தவர்கள், ஹாங்காங்கர்கள், வியட்நாமியர், ஆஸ்திரேலியர். தெரிந்த ஆங்கிலச் சொற்களில் ஹாங்காங் மாணவர்கள் மற்ற அயல்நாட்டவருக்குச் சளைக்கவில்லை. அகராதியில் இல்லாத, இட்டுக்கட்டிய சொற்களைக் கொடுத்தபோதுதான் கதை மாறியது. ஹாங்காங் குழு தடுமாறியது. சீனப் பெருநிலத்திலிருந்து வந்தவர்கள் சமாளித்தார்கள்.

இரு சாராரும் சீனர்கள்தாம், இரு சாராரும் படிப்பது சீன எழுத்துதான். இடையில் நிற்பது பின்யின். பெருநிலத்துப் பிள்ளை ஆறு வயதில் ரோமன் எழுத்துகளைக் கொண்டு தன் மொழியின் ஒலிகளைக் கூட்டிப் படித்துவிடுகிறது. ஹாங்காங் பிள்ளை அன்று எந்த ஒலிக்குறியும் இல்லாமல் ஆசிரியர் வாயைப் பார்த்து, கரும்பலகையைப் பார்த்து, எழுத்தை மனத்தில் பதித்தது. ஆங்கிலம் மழலையர் வகுப்பிலேயே வந்துவிடும். ஆனால் அதையும் அதே முறையில், பார்த்துச் சொல், சொல்லி எழுது என்றே கற்றது. மூன்று வயதில் தொடங்கியவன், பல ஆண்டு பிந்தித் தொடங்கியவனிடம் தோற்ற இடம் இது. 'சீக்கிரம் தொடங்கினால் நல்லது' என்று கட்டணம் வாங்கும் பள்ளிகள் எந்த ஊரிலும் இதை விளம்பரத்தில் போடுவதில்லை.

கண்ணுக்குப் பழி மட்டும் சொன்னால் போதாது. 2003இல் மின் வாங், எஸ்தர் கேவா இருவரும் கனடாவில் கான்டனீஸ், அதாவது ஹாங்காங் பக்கத்துச் சீனம், பேசும் வீட்டுப் பிள்ளைகளைச் சோதித்தார்கள். இட்டுக்கட்டிய சொற்களைச் சொல்லி எழுதச் சொன்னபோது ஆங்கிலம் பேசும் பிள்ளைகளைவிட அவர்கள் பின்தங்கினார்கள். எழுத்துக் கோவைகளைக் காட்டி, மறைத்து, எழுதச் சொன்னபோது முந்தினார்கள். வாயில் நுழையாத கோவைகளைக்கூட அவர்களால் எழுத முடிந்தது. சத்தமே இல்லாத ஒன்றை நினைவில் வைத்து எழுதுவது நமக்குக் கடினம். அவர்களுக்கு அது அன்றாட வேலை. ஆங்கிலத்தின் ஊமை எழுத்துகள், அதாவது 'நைஃப்' முன்னால் நிற்கும் கே, 'ஐலண்ட்' நடுவில் பதுங்கும் எஸ் போன்றவை, சீன மாணவரை நாம் எதிர்பார்க்கும் அளவுக்கு வாட்டுவதில்லை. உருவத்தில் அதுவும் ஒரு கோடு, அவ்வளவுதான்.

இனி பின்யின். அதன் தந்தை என்று அழைக்கப்படும் சோவ் யோகுவாங் மொழியியலாளராகத் தொடங்கியவர் அல்ல. பொருளாதாரம் படித்து, வங்கியில் வேலை பார்த்து, நியூயார்க்கில் சில காலம் இருந்தவர். 1950களில் அவரை மொழிச் சீர்திருத்தக் குழுவுக்குள் இழுத்தார்கள். 1958 பிப்ரவரியில் தேசிய மக்கள் காங்கிரஸ் பின்யினை ஏற்றது. 1906இல் பிறந்த அவர் 2017 ஜனவரியில், 111 வயது நிறைந்த மறுநாள் காலமானார். கோடிக்கணக்கான பிள்ளைகளுக்கு அவர் முறை சீன மொழியின் வாசலைத் திறந்தது. ஆங்கிலத்தின் வாசலில் ஒரு சின்னக் கல்லையும் போட்டுவைத்தது, அது அவர் குற்றமில்லாவிட்டாலும்.

காரணம், எழுத்து அதே ரோமன் எழுத்து, ஒலி வேறு. பின்யினில் கியூ எழுத்துக்கு 'ச்சி' போன்ற ஒலி, எக்ஸ் எழுத்துக்கு 'ஷி' போன்ற ஒலி, சி எழுத்துக்கு 'ட்ஸ'. முதல் வகுப்பில் இதைப் படித்த பிள்ளை, நாடு முழுவதும் 2001 முதல் நடைமுறைக்கு வந்த ஏற்பாட்டின்படி, மூன்றாம் வகுப்பில் ஆங்கிலத்தைச் சந்திக்கிறது. அங்கே தனக்கு நன்றாகத் தெரிந்த சொற்களையே மறுபடி பார்க்கிறது. எஸ், எச், இ என்ற மூன்றெழுத்து ஆங்கிலத்தில் 'ஷீ', அவள். பின்யினில் அதே மூன்றெழுத்து பாம்பு. 'ஹீ' என்ற ஈரெழுத்து பின்யினில் 'குடி'. ஆண்கள் என்று பொருள்தரும் 'மென்' பின்யினில் கதவு. 'ஃபேன்' சோறு. நீளம் என்ற 'லாங்' டிராகன். 'யூ' என்ற மூன்றெழுத்து 'உண்டு'. எல்லாவற்றுக்கும் மேல் 'விமன்'. ஆங்கிலத்தில் பெண்கள் என்று பொருள்தரும் அந்த ஐந்தெழுத்தை அப்படியே பின்யினாக வாசித்தால் 'வோமன்', அதாவது 'நாங்கள்'. முதல் வகுப்பிலேயே தினமும் எழுதுகிற சொல்.

இதனால் வரும் பிழைக்குக் காது வேலை செய்கிறது, ஆனால் பின்யின் காது. 'லைக்' என்று கேட்டதும் எல், ஏ, ஐ, கே என்று எழுதத் தோன்றும். 'ஐ' ஒலிக்குப் பின்யினில் ஏயும் ஐயும் சேர்ந்தே வர வேண்டும். 'அவ்' ஒலி வந்தால் ஏயும் ஓவும். ஒரே ஒலிக்கு ஒரே எழுத்து என்ற ஒழுங்கில் வளர்ந்த பிள்ளைக்கு ஆங்கிலத்தின் ஒழுங்கின்மை அநியாயமாகத்தான் படும். நமக்கும் அப்படித்தான் பட்டது.

பி என்ற எழுத்தின் கதை இன்னும் சுவையானது. பெய்ஜிங் என்பதில் உள்ள 'பெய்', தைபே என்பதில் உள்ள 'பே' இரண்டும் ஒரே சீனச் சொல், ஒரே சீன எழுத்து, பொருள் வடக்கு. ஒன்று வடக்குத் தலைநகரம், மற்றது தைவானின் வடக்கு. ரோமன் எழுத்தில் மட்டும் முதலாவதைப் பந்துக்குரிய பி எழுத்திலும், இரண்டாவதைப் பேனாவுக்குரிய பி எழுத்திலும் எழுதுகிறோம். தைபே என்பது பழைய முறை, பெய்ஜிங் பின்யின் முறை. உண்மையில் சீனாவின் பொதுமொழியான மாண்டரினில் பந்தின் அதிரும் ஒலியே கிடையாது. மூச்சு விடாமல் சொல்லும் ப, மூச்சை ஊதிச் சொல்லும் ப என்று இரண்டுதான் உண்டு. முதலாவதற்குப் பின்யின் பந்தின் எழுத்தைக் கொடுத்துவிட்டது. ஆங்கிலத்தில் 'ஸ்பீக்' சொல்லும்போது எஸ் எழுத்துக்குப் பின் வரும் ப மூச்சில்லாத ப. சீனக் காதுக்கு அது பந்தின் ஒலி. சீனப் பள்ளிகளில் இதற்கு ஒரு விதியே வைத்திருக்கிறார்கள்: எஸ் எழுத்துக்குப் பின்னால் வரும் வல்லொலி மெலிந்துவிடும், எழுதும்போது மட்டும் பழையபடி எழுது என்று. விதியை மறந்தவர் 'ஸ்டூடண்ட்' சொல்லில் எஸ் எழுத்தை அடுத்து 'டாக்' என்ற நாயின் டியைப் போட்டுவிடுவார். பம்பரத்தின் இரண்டு பகரத்தையும் ஒரே எழுத்தில் எழுதிப் பழகிய நமக்கு இதைப் பார்த்துச் சிரிக்க உரிமையில்லை. வடக்கு விஷயத்தில் மட்டும் தமிழ் எழுத்து தற்செயலாக நியாயமாக நடந்துகொண்டது, இரண்டுக்கும் பகரம்தான்.

பின்யினில் வேலையில்லாத ஒரே ரோமன் எழுத்து வி. அதற்கும் கணினி ஒரு வேலை கொடுத்தது. மேலே இரண்டு புள்ளி வைத்த யூ எழுத்துக்கு விசைப்பலகையில் தனி விசை இல்லாததால், சும்மா கிடந்த வியை அதற்கு ஒதுக்கினார்கள். பெண் என்ற சொல்லை என், வி என்றே தட்டுகிறார்கள். கடவுச்சீட்டில் லியூ என்ற குடும்பப் பெயர் எல், வி என்று ஏறிய வழியும் இதுதான். உயிரெழுத்தே இல்லாத அந்தப் பெயரை வெளிநாட்டு அதிகாரிகளால் வாசிக்க முடியவில்லை. 2012 முதல் ஒய், யூ சேர்த்து எழுதுவது என்று ஆனது. டோக்கியோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற பளுதூக்கும் வீரர் லியூ ஷியாவ்ஜுன் பெயரில் ஒய் இருப்பது அதனால்தான்.

அசையின் கடைசியில் மாண்டரின் அனுமதிக்கும் மெய்கள் மிகக் குறைவு. மூக்கொலிகள் இரண்டு, நாவை மடக்கும் 'ர்' போன்ற ஒன்று, முடிந்தது. லகரத்தில் முடியும் அசை இல்லை, டகரத்தில் முடிவது இல்லை, மெய்க்கூட்டம் முன்னும் இல்லை பின்னும் இல்லை. 'வேர்ல்ட்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். கடைசியில் ர், ல், ட் என்று மூன்று மெய் வரிசை கட்டுகின்றன. லகரம் உதிர்ந்து 'வேர்ட்' மிஞ்சுகிறது. உலகம் சொல்லாகிவிடுகிறது; கட்டுரை முழுவதும் உலக அமைதிக்குப் பதில் சொல் அமைதி. இறந்தகாலத்து இ, டி விழுவதும் ஓரளவு இதனால்தான். கான்டனீஸில் ப், த், க் என்று முடியும் அசைகள் இருக்கின்றன. ஆனால் உதட்டை மூடியதும் ஒலி அங்கேயே நின்றுவிடும், வெளியே வராது.

இதில் ஊருக்கு ஊர் வேறுபாடு உண்டு. 'சீன மாணவர்' என்று ஒருமையில் எழுதும்போது எனக்கே கொஞ்சம் உறுத்துகிறது. சிச்சுவான், ஹூபே, ஹூனான் பக்கங்களில் னகரமும் லகரமும் கலந்துவிடும். ஹூனான்காரர் தம் மாநிலத்தையே 'ஃபூலான்' என்பார் என்று மற்றவர்கள் கேலி செய்வார்கள். ஹகரமும் ஃபகரமும் மாறி, னகரமும் லகரமும் மாறி, ஒரே சொல்லில் இரண்டு விபத்து. ஹாங்காங்கிலும் 'நெய் ஹோ' என்ற வணக்கம் 'லெய் ஹோ' ஆகிப் பல காலம் ஆயிற்று. அங்கே சொல்லெழுதும்போது இரவும் வெளிச்சமும், 'நைட்'டும் 'லைட்'டும், இடம் மாறினால் வியப்பில்லை. ஷாங்காய்ப் பக்கம் 'ன்', 'ங்' வேறுபாடு தேய்ந்துவிடும்.

இந்த எல்லாக் குழப்பங்களுக்கும் ஒரே பக்கத்தில் வரைபடம் வேண்டுமென்றால் ஆராய்ச்சி நூல் தேவையில்லை, சீனக் கைப்பேசி ஒன்று போதும். பின்யின் விசைப்பலகையின் அமைப்புகளுக்குள் 'மங்கல் ஒலி' என்று ஒரு பகுதி இருக்கும். என் எழுத்தும் எல் எழுத்தும் ஒன்றா? எஃப், எச் ஒன்றா? ஆர், எல் ஒன்றா? 'இன்', 'இங்' ஒன்றா? உங்கள் ஊர் வாய்க்கு எது பொருந்துமோ அதை டிக் செய்துகொள்ளலாம். தவறாகத் தட்டினாலும் சரியான சீன எழுத்து வந்துவிடும். தன் மொழியில் இந்த மன்னிப்புக்குப் பழகியவருக்கு ஆங்கிலத் தேர்வுத்தாள் கருணையே இல்லாத ஓர் இடம்.

அந்தத் தாள்களில் என்ன நடக்கிறது என்பதற்குப் பெரிய பதிவு ஒன்று இருக்கிறது. குய் ஷிச்சுன், யாங் ஹுய்சோங் இருவரும் தொகுத்து 2003இல் வெளியிட்ட சீன மாணவர் ஆங்கிலத் தரவகம். பள்ளி மாணவர் முதல் ஆங்கிலத்தையே முதன்மைப் பாடமாகப் படிக்கும் கல்லூரி மாணவர் வரை, ஐந்து நிலையில் சுமார் பத்து லட்சம் சொற்கள். பிழைகளை 61 வகையாகப் பிரித்துக் குறியிட்டிருக்கிறார்கள். காலம், வேற்றுமை, சொல்வரிசை எல்லாவற்றையும் தாண்டி முதலிடத்தில் நிற்பது எழுத்துப் பிழை. பெரிய எழுத்து, சின்ன எழுத்துக் குழப்பமும் முன்வரிசையில் இருக்கிறது. சீனத்தில் அப்படி ஒரு பாகுபாடே இல்லை. தமிழிலும் இல்லை, ஆகையால் இதை விளக்கத் தேவையில்லை.

கிழமையும் மாதமும் தனியாகச் சொல்ல வேண்டியவை. சீனத்தில் திங்கள் 'வாரம் ஒன்று', புதன் 'வாரம் மூன்று'. ஜனவரி 'ஒன்று மாதம்', பிப்ரவரி 'இரண்டு மாதம்'. பன்னிரண்டு வரை எண்ணத் தெரிந்த குழந்தைக்கு ஆண்டு முழுவதும் தெரியும். அதன் கையில் ஆங்கிலம் பத்தொன்பது புதுப் பெயர்களைக் கொடுக்கிறது. அதிலும் புதன்கிழமை நடுவில் ஓர் ஊமை டி, பிப்ரவரி நடுவில் பலர் சொல்லாமலே விடும் ஓர் ஆர். எல்லாவற்றுக்கும் தலையில் பெரிய எழுத்து. எண்களிலும் இதே தொல்லை. நாற்பது சீனத்தில் நான்கு-பத்து. ஆங்கிலத்தில் 'ஃபோர்' எழுதும்போது யூ உண்டு, 'ஃபோர்டீன்' எழுதும்போதும் உண்டு, 'ஃபார்ட்டி' வரும்போது யூ ஓடிவிடுகிறது. யூவை விடாமல் எழுதும் மாணவர் தர்க்கப்படி சரி. மதிப்பெண் மட்டும் போய்விடுகிறது.

இவ்வளவையும் மனப்பாடத்தால் வென்றுவிடலாம் என்பது சீனப் பள்ளியின் உறுதியான நம்பிக்கை. சொல்லை எழுத்தெழுத்தாக ராகம் போட்டுச் சொல்லி, கடைசியில் சீனப் பொருளைச் சேர்த்து முடிப்பார்கள். சொல்லெழுதுதலில் தவறினால் பத்துமுறை, இருபதுமுறை எழுத வேண்டும். 1987இல் தொடங்கிய கல்லூரி ஆங்கிலத் தேர்வுக்குச் சொற்கோவையைத் திறப்பவர் முதலில் பார்ப்பது 'அபாண்டன்', அதாவது கைவிடு. அதைப் படித்ததும் உண்மையிலேயே புத்தகத்தை மூடிவிட்டதாகச் சொல்லாத சீன மாணவர் அரிது. ஓசையைச் சீனமாக்கும் குறுக்கு வழியும் உண்டு. 'ஆம்புலன்ஸ்' என்பதை 'அன் பு நெங் ஸ', நான் சாகக்கூடாது என்று வைத்துக்கொள்வார்கள். 'எகானமி' என்பது 'யி காவ் நோங் மின்', விவசாயிகளை நம்பியிரு. பொருள் நெஞ்சில் ஆணியடித்ததுபோல் நிற்கும். எந்த எழுத்தில் எழுதுவது என்பதற்கு மட்டும் இதில் உதவி எதுவும் இல்லை.

திரும்பத் திரும்ப எழுதவைப்பதை மூடத்தனம் என்று தள்ளிவிட நான் தயாரில்லை. லி ஹை டான் தலைமையிலான குழு 2005இல் வெளியிட்ட ஆய்வு, சீனம் வாசிக்கும் திறன் அந்தப் பிள்ளையின் கை எழுதும் திறனோடு வலுவாகப் பிணைந்திருப்பதைக் காட்டியது. கோடுகளின் வரிசை கையில் பதிந்தால்தான் கண்ணுக்கு எழுத்து பிடிபடுகிறது. கைக்குக் கற்றுத்தரும் இந்த மரபு ஆங்கிலத்தில் விளைவித்த வினோதம், ஹேபே மாநிலத்து ஹெங்ஷுய் உயர்நிலைப்பள்ளியின் பெயரால் அறியப்படும் கையெழுத்து. எழுத்துகள் குண்டுகுண்டாக, ஒரே அளவில், ஒரே இடைவெளியில், அச்சில் வார்த்ததுபோல் இருக்கும். விடைத்தாளை வேகமாகத் திருத்துபவர் கண்ணுக்கு இதமாக இருந்தால் மதிப்பெண் கூடும் என்று நாடெங்கும் மாணவர்கள் பழகுகிறார்கள். அந்த அழகுக்குள் ஓர் எழுத்து இடம் மாறியிருந்தால் உடனே பளிச்சென்று தெரியும் என்பது இதன் இன்னொரு பக்கம்.

இப்போது கையும் ஓய்வெடுக்கத் தொடங்கிவிட்டது. சீனர்கள் நாள் முழுவதும் ரோமன் எழுத்துகளைத் தட்டித்தான் சீனம் எழுதுகிறார்கள்; பேனாவை எடுத்தால் எழுத்து மறந்துபோகிறது என்பது அங்கே அன்றாடப் புலம்பல். பின்யின் விசைப்பலகையில் 'விமன்' என்ற அந்த ஐந்தெழுத்தைத் தட்டிப் பாருங்கள். இடைவெளி விசையை அழுத்தினால் 'நாங்கள்' என்று சீனத்தில் வந்து விழும். என்டர் விசையை அழுத்தினால் எழுத்துகள் அப்படியே நின்று ஆங்கிலத்தில் 'பெண்கள்' ஆகிவிடும்.